79 பவுண்டு என்று சொல்லி வந்த பூட்டுக்காரர் 612 வாங்கிப் போனார், திருப்பி வாங்க வழி உண்டா?

கிழக்குவாசல் எழுதியது:

வணக்கம். லண்டன் வந்து பதினொரு மாதம் ஆகிறது, ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். போன ஞாயிறு இரவு பத்தே முக்காலுக்குக் குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு வரலாம் என்று லுங்கியும் பனியனுமாக இறங்கினேன், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. இந்த ஊர்க் கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் என்று தெரியும், தெரிந்தும் சாவியை எடுக்கவில்லை. போன் மட்டும் கையில் இருந்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, காலை எட்டுக்குத்தான் வருவாள். உள்ளே அடுப்பில் பருப்பு.

கூகுளில் தேடி, மேலே வந்த முதல் விளம்பரத்தைத் தொட்டேன். போனில் பேசிய பெண் "79 தான் சார், வேறு எதுவும் இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார். வந்த ஆள் கதவை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார், அவ்வளவுதான், உடனே "இது ஹை செக்யூரிட்டி பூட்டு, டிரில் போட்டால்தான் திறக்கும்" என்றார். கதவிடுக்கில் பருப்பு கருகும் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. அந்த அவசரத்தில் எவ்வளவு ஆகும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் மிதியடி முழுக்கப் பித்தளைத் தூள். அப்புறம் புதுப் பூட்டு ஒன்றை மாட்டி, "இது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு, இது இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் செல்லாது" என்றார்.

பில்: வந்ததற்கு 79, டிரில் 120, பூட்டு 245, கூலி 66, ஆக 510. அதற்கு மேல் வாட் வரி 102. மொத்தம் 612 பவுண்டு. கிரெடிட் கார்டில் 250 தான் மிச்சம் இருந்தது (புதிதாக வந்தவனுக்கு பேங்க் என்ன லிமிட் கொடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்), அதைத் தேய்த்துவிட்டு மீதி 362ஐ அவர் காட்டிய கணக்குக்கு அனுப்பினேன். அனுப்பி முடிக்கும்வரை ஆள் நகரவில்லை, புதுச் சாவி மூன்றும் அவர் கையில்.

போலீஸுக்குப் போகலாமா? 14 நாளுக்குள் கேன்சல் செய்யலாம் என்று ஒரு நண்பன் சொல்கிறான், உண்மையா?

அரமும் ரம்பமும் எழுதியது:

இந்த ஊரில் வீட்டு மராமத்து வேலை பார்க்கிறேன், பூட்டும் பார்ப்பேன். படித்ததும் எரிச்சல் வந்தது, ஏனென்றால் உங்கள் கதவு பூட்டியே இல்லை, வெறுமனே சாத்தியிருந்தது. எல்லோரும் யேல் பூட்டு என்று சொல்லும் நைட் லாட்ச்தானே அது? அதில் சரிந்த மூக்கு மாதிரி ஒரு நாக்கு ஸ்பிரிங்கில் நிற்கும். சாவியால் இரட்டைப் பூட்டுப் போடாதவரை, வளையும் பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் விட்டோ, லெட்டர்பாக்ஸ் வழியாகக் கம்பி விட்டு உள்பக்கக் குமிழைத் திருப்பியோ திறந்துவிடலாம். தொழில் தெரிந்தவனுக்குச் சில நிமிட வேலை, பூட்டுக்கு ஒரு கீறல் விழாது. டிரில் என்பது எல்லாம் தோற்ற பிறகு கடைசியில் எடுப்பது. வந்ததும் டிரில்லை எடுக்கிறான் என்றால் ஒன்று வேலை தெரியாது, இல்லையென்றால் பூட்டு விற்க வந்திருக்கிறான்.

இரண்டு காரியம் செய்யுங்கள். புதுப் பூட்டின் முகத்தையும், கதவின் விளிம்பில் தெரியும் தகட்டையும் போட்டோ எடுங்கள். உண்மையான பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு பூட்டு என்றால் பட்டம் வடிவத்தில் ஒரு முத்திரையும் பிஎஸ் 3621 என்ற எண்ணும் பொறித்திருக்கும். அடுத்து, பில்லில் ஒன்பது இலக்க வாட் எண் இருக்கிறதா பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் 90,000 பவுண்டைத் தாண்டாத சின்ன ஆளுக்கு வாட் பதிவே கட்டாயம் இல்லை, பதிவு இல்லாமல் வாட் என்று வாங்கச் சட்டத்தில் இடம் இல்லை. எண் சரியா என்று அரசாங்க இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பழைய பூட்டு எங்கே? ஆள் கொண்டுபோய்விட்டாரா?

நடுநிலை நாட்டாமை எழுதியது:

கோபப்படாதீர்கள், ஒன்று கேட்கிறேன். ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆள் வண்டி எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்து கொடுத்திருக்கிறார். விலை கேட்காமல் சரி என்றது நீங்கள், பணம் கட்டியதும் நீங்கள். ஊருக்குப் போன் போட்டால் அண்ணாச்சி கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் வந்து நூறு ரூபாய்க்குத் திறந்துவிடுவார், அந்தக் கணக்கை இங்கே போடக் கூடாது.

அரமும் ரம்பமும் எழுதியது:

நாட்டாமை, ராத்திரிக்கு ராத்திரி ரேட் உண்டு, அதில் தப்பே இல்லை. இதே வேலைக்கு நான் ஞாயிறு இரவில் 130, 140 கேட்பேன், தூரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கேட்பேன், ஆனால் அதைப் போனிலேயே சொல்லிவிடுவேன். சண்டை 612 அதிகமா குறைவா என்பதில் இல்லை. 79 என்று சொன்னது பொய்யா, டிரில் தேவை என்று சொன்னது பொய்யா, பூட்டைப் பற்றிச் சொன்னது பொய்யா, இந்த மூன்றில்தான். "ரொம்ப வாங்கிட்டான்" என்று புலம்பினால் பேங்க் காது கொடுக்காது. "இதைச் சொன்னான், இது உண்மையில்லை, இதோ போட்டோ" என்றால் கேட்கும்.

ஹாரோ அண்ணை எழுதியது:

தம்பி, உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பினேன். நாலு வருடத்துக்கு முன் திறப்பு உள்ளே, நான் வெளியே, மழை வேறு. (எங்கள் பக்கத்தில் சாவியைத் திறப்பு என்றுதான் சொல்வோம், குழம்ப வேண்டாம்.) வந்தவரிடம் கதவில் கை வைக்க முதல் ஒரு தாளில் முழுக் காசையும் எழுதித் தரச் சொன்னேன். பார்த்தால்தான் தெரியும் என்றார். சரி, பார்த்துவிட்டு எழுதுங்கோ என்றேன். டிரில் போட வேண்டி வந்தால் எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டேன். மனிதர் தன் வான் வண்டிக்குள் போய்த் தன் ஆபீஸோடு கால்மணித்தியாலம் கதைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்! பிறகு மகன் பிடித்துத் தந்த ஆள் வந்து 95 பவுண்டோடு திறந்தார், பூட்டு அப்படியே இருக்கிறது.

மகன் தேடிப் பார்த்ததில் தெரிந்தது, இங்கிலாந்தில் லாக்ஸ்மித் வேலைக்கு அரசாங்க லைசென்ஸ் என்று ஒன்றுமே இல்லையாம். இன்றைக்கு நானும் ஒரு டிரில் வாங்கினால் நாளைக்கு நானும் லாக்ஸ்மித். மாஸ்டர் லாக்ஸ்மித்ஸ் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது, சுருக்கி எம்.எல்.ஏ. என்பார்கள், ஓட்டுக் கேட்டு வருகிற எம்.எல்.ஏ. இல்லை. ஆட்களைச் சோதித்துத்தான் அங்கே சேர்க்கிறார்கள், அவர்களின் தளத்தில் உங்கள் ஏரியா ஆளைத் தேடலாம்.

மெச்சிய மருமகள் எழுதியது:

பிளம்பர் ஒருவரிடம் இதே மாதிரி ஏமாந்து பணத்தைத் திரும்ப வாங்கியவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

14 நாள் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. அவசர ரிப்பேருக்கு நீங்களே ஆளை வரச்சொன்னால் அந்த உரிமை கிடையாது. வந்த இடத்தில் நீங்கள் கேட்காத வேறு எதையாவது தலையில் கட்டினால், அதற்கு மட்டும் உண்டு. அந்த வேலைக்குக் கட்டாயம் தேவைப்பட்ட மாற்றுப் பாகத்துக்குக் கிடையாது. ஓட்டை போட்ட பிறகு புதுப் பூட்டு தேவைதானே என்று அவர்கள் வாதிடுவார்கள், அதனால் இதை நம்பி உட்காராதீர்கள்.

உங்களுக்குக் கை கொடுப்பது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம். விலை முன்கூட்டியே பேசவில்லை என்றால் நியாயமான விலைதான் கொடுக்க வேண்டும் என்று அதன் 51ஆம் பிரிவு சொல்கிறது. வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 49. தேவையில்லாமல் டிரில் போட்டது இதில் வரும்.

அதைவிட முக்கியம் அந்த 250. கிரெடிட் கார்டில் ஒரு பகுதி கட்டியிருந்தாலே போதும், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி முழுத் தொகைக்கும் பேங்கும் சேர்ந்து பொறுப்பு, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டெபிட் கார்டு என்றால் இந்தப் பிரிவு கிடையாது, சார்ஜ்பேக் மட்டும் கேட்கலாம், அதாவது கட்டிய காசைக் கடைக்காரரிடமிருந்து திருப்பி எடுத்துத் தரச் சொல்லிப் பேங்கைக் கேட்பது. லிமிட் குறைவு என்று நொந்துகொண்டீர்களே, அந்த 250தான் உங்களைக் காப்பாற்றப்போகிறது. ஆனால் அரம் சொன்ன மாதிரி, விலை அதிகம் என்று மட்டும் எழுதினால் பேங்க் தள்ளிவிடும், பொய் சொல்லி விற்றார்கள், வேலை ஒழுங்காக இல்லை என்று எழுத வேண்டும்.

முதலில் அந்தக் கம்பெனிக்கே கடிதம் எழுதுங்கள், 14 நாள் கெடு கொடுங்கள். கூடவே சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்புக்கு 0808 223 1133இல் சொல்லிவிடுங்கள், அவர்கள் வியாபார மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவார்கள். போலீஸ் இதைச் சிவில் விவகாரம் என்று சொல்லிவிடும், ஆனால் ஆள் மிரட்டினாலோ வெளியே போக மறுத்தாலோ அது வேறு, தயங்காமல் 999.

கிழக்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அரம் அண்ணா, பழைய பூட்டு கிடைத்துவிட்டது! ஆள் அதை என் குப்பைப் பையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார், எந்தப் பையால் இவ்வளவும் வந்ததோ அதே பைக்குள். கையைவிட்டுத் துழாவி எடுத்தேன். சாதாரண நைட் லாட்ச்தான், ஹை செக்யூரிட்டி ஒரு மண்ணும் இல்லை. புதுப் பூட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன், பட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. அதே பூட்டு ஆன்லைனில் 23 பவுண்டு. பில்லில் வாட் எண் இருக்க வேண்டிய இடம் காலி. விளம்பரத்தில் இருந்த ஈஸ்ட் ஹாம் முகவரிக்கு நடந்தே போனேன், அங்கே ஒரு சிக்கன் கடை இருக்கிறது.

அரமும் ரம்பமும் எழுதியது:

சிக்கன் கடை ஆச்சரியமே இல்லை. கூகுள் மேப்பில் நிறைய லாக்ஸ்மித் முகவரிகள் இப்படித்தான், எங்கேயோ ஒரு கால் சென்டர் போனை எடுத்து, கமிஷனுக்கு ஆளை அனுப்பும். டெக்சாஸில் லாக்ஸ்மித் பெயரில் இருந்த ஒரு போலிப் பதிவைப் பற்றிய புகாரில் நூல் பிடித்துப் போய், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட போலிப் பதிவுகள் இருந்ததாகச் சொல்லி 2025 மார்ச்சில் கூகுளே வழக்குப் போட்டது. அந்தப் பதிவை மேப்பில் ரிப்போர்ட் செய்யுங்கள்.

பழைய பூட்டைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், அப்படியே ஒரு கவரில் போட்டு வையுங்கள். பேங்க் வேறொரு பூட்டுக்காரரின் எழுத்து கேட்கலாம். அப்புறம் வாடகை வீடு அல்லவா, புதுச் சாவி ஒன்றை ஏஜென்டிடம் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு ராத்திரி நம்பர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல ஏஜென்ட்களிடம் இருக்கும், யாரும் கேட்பதில்லை.

கிழக்குவாசல் எழுதியது (ஆறு வாரம் கழித்து):

நிலவரம் சொல்கிறேன். கம்பெனிக்கு எழுதியதற்கு ஒன்பது நாள் பதில் இல்லை, பத்தாவது நாள் போன் வந்தது, 150 தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். எழுத்தில் அனுப்புங்கள் என்றேன், அனுப்பவில்லை. பேங்க் அரம் அண்ணா சொன்ன மாதிரியே வேறொரு பூட்டுக்காரரின் எழுத்து கேட்டது, சங்கத்தில் இருக்கும் ஒருவர் பழைய பூட்டைப் பார்த்துவிட்டு, டிரில் தேவைப்பட்டிருக்காது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு முன் பேங்கில் முறைப்படி புகாராகவும் பதிந்துவிட்டேன், எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் பேங்க் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், காசு கிடையாதாம். நேற்று பேங்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு அந்தப் பட்டம் இல்லாத போட்டோவை இன்னொரு முறை அனுப்பச் சொன்னார்.

ஹாரோ அண்ணை, ஒரு திறப்பு இப்போது கீழ்வீட்டு குஜராத்திப் பாட்டியிடம் இருக்கிறது. பாட்டி அதைச் சாமி படத்துக்கு அடியில் வைத்திருக்கிறார், எடுக்க வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.