நிச்சயதார்த்த வைர மோதிரம்: 70,000 ரூபாய்க்குள் எதை எடுக்கலாம்?

குழுவில் உள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். ஆவணியில் பாளையங்கோட்டையில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்குப் போடும் மோதிரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வீட்டார் என்னிடம் விட்டிருக்கிறார்கள். செய்கூலி, வரி எல்லாம் சேர்த்து 70,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

திருநெல்வேலி டவுனில் ஒரு கடையில் இரண்டு மோதிரங்களைக் காட்டினார்கள். ஒன்று 30 சென்ட் (0.30 காரட்) ஒற்றைக்கல்; மற்றது ஏழு சிறு கற்களைப் பூப்போல நெருக்கிப் பதித்தது. கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னத்தான் செய்யும் என்பதால் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒற்றைக்கல்லின் நடுப்பகுதி மங்கிக் கிடந்தது. பட்டை (கல்லைச் செதுக்கிய விதம்) சரியாக அமையாத கல்லில், உள்ளே புகும் ஒளி மேலே திரும்பாமல் அடிப்பக்கமாகக் கசிந்துவிடும் என்பதால், எடையைவிடப் பட்டைக்கே பணம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நிறத் தரம் ‘எச்’ (கிட்டத்தட்ட நிறமற்றது) ஆக இருந்தாலே போதும். தங்கத்தில் பதித்தபின் வேறுபாடு எளிதில் தெரியாது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் கரிமமே. விலையும் வெகுவாகக் குறைவு. ஆனால் பின்னாளில் மாற்றப் போனால் என்ன கிடைக்கும் என்பதும், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதும் (எங்கள் பெரியம்மா இப்போதே முகம் சுளிக்கிறார்) யோசிக்க வைக்கின்றன.

அண்மையில் வாங்கியவர்கள், ஜிஐஏ அல்லது ஐஜிஐ (வைரத்தின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகங்கள்) சான்றிதழோடு இந்த அளவுக் கல் தரும் கடை நெல்லையிலோ தூத்துக்குடியிலோ எது, திருப்பிக் கொடுக்கும்போது கல்லின் மதிப்பில் எவ்வளவு கழித்தார்கள் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.