புரோமோஃபீனால் நீலம்: ஸ்லைடு பச்சையாக வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
எலிக் கல்லீரல், மெழுகில் பதித்துச் சீவிய 5 மைக்ரான் பாரஃபின் செக்‌ஷன். புரதத்தை நீலமாகக் காட்டும் மெர்குரிக் புரோமோஃபீனால் நீலத்தில் 2 மணி நேரம், 0.5% அசிட்டிக் அமிலத்தில் 20 நிமிடம், பிறகு 50, 70, 90 என்று எத்தனால், சைலீன், கடைசியில் கண்ணாடி மூடியை ஒட்டும் டிபிஎக்ஸ். கடைசியில் வெளிறிய மஞ்சள் கலந்த பச்சைதான் மிஞ்சுகிறது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின், பூவன் கரைசல் இரண்டிலும் இதே கதி. சாயம் பழசாகிவிட்டதா?

பதில் 1:
சாயத்தைக் குறை சொல்லாதீர்கள், கழுவலைப் பாருங்கள். இந்தச் சாயம் பிஹெச் 3-க்குக் கீழே மஞ்சள், 4.6-க்கு மேலே நீலம். 0.5% அசிட்டிக் அமிலம் கிட்டத்தட்ட 2.9. அந்த அமிலத்தோடேயே ஆல்கஹாலுக்குப் போனால் நீலம் எப்படி வரும்? அமிலக் கழுவலை விட்டுவிடவும் கூடாது, ஒட்டாத சாயத்தை எடுப்பதே அதுதான். அது முடிந்ததும் பிஹெச் 7 பாஸ்பேட் பஃபரில் 3 நிமிடம், கண்ணெதிரே நீலமாகும். அதற்கு மேல் ஊறினால் சாயம் கரையும். 50, 70% எத்தனாலும் சாயத்தை இழுக்கும். ஈரத்தை ஒற்றியெடுத்து நேராக டெர்ஷியரி பியூட்டைல் ஆல்கஹாலில் மூன்று மாற்று, பிறகு சைலீன். டெர்ஷியரி பியூட்டைல் ஆல்கஹால் 25 டிகிரியிலேயே உறையும். ஏசி அறையில் பாட்டில் கட்டியாகக் கிடந்தால் வெந்நீரில் நிறுத்துங்கள், தீ மட்டும் அருகே வேண்டாம்.

பதில் 2:
பூவன் ஸ்லைடில் அந்தக் கரைசலில் உள்ள பிக்ரிக் அமிலத்தின் மஞ்சளும் சேர்கிறது. லித்தியம் கார்பனேட் சேர்த்த 70% ஆல்கஹாலில் மஞ்சள் போகும்வரை வையுங்கள், பிறகு தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுச் சாயத்தில் போடுங்கள்.

சாயத்துக்கு: 100 மில்லி 2% அசிட்டிக் அமிலத்தில் மெர்குரிக் குளோரைடு (பாதரச உப்பு) 1 கிராம், புரோமோஃபீனால் நீலம் 50 மில்லிகிராம், வடிகட்டவும். சோடியம் உப்பாக இருந்தால் எளிதாகக் கரையும். ஸ்டீல் ஃபோர்செப்ஸ் உள்ளே போகக்கூடாது, பாதரசம் உலோகத்தை அரிக்கும், பிளாஸ்டிக் போதும். கையுறையோடு ஃபியூம் ஹூடில் எடை போடுங்கள். மீந்த சாயம் மட்டுமல்ல, கழுவிய அமிலமும் பாதரசக் கழிவுதான். லேபிள் ஒட்டிய கேனில் சேருங்கள், சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

கேட்டவர்:
பாதரசமே இல்லாமல் வழி உண்டா?

பதில் 3:
கூமாசி ஆர்-250, இதுவும் புரதத்தில் ஒட்டும் நீலச் சாயம்தான். எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு, அதில் 0.02% சாயம். பின்னணி தெளியும்வரை சாயமில்லாத அதே கலவையில் கழுவி, அப்சல்யூட் ஆல்கஹால், சைலீன். புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க இது தாராளம். நிற அடர்த்தியை வைத்து எவ்வளவு புரதம் என்று கணக்குப் போடத்தான் இரண்டு சாயமுமே ஆகாது. செக்‌ஷன் தடிமன் சற்று மாறினாலே நிறமும் மாறும்.