தள்ளுபடி ஆனது எது?

குழு: உசிலம்பட்டி வீடு
3 ஜூன் 2025

வசந்தா அத்தை: ஃபார்வர்ட் செய்யப்பட்டது: "அமெரிக்காவில் துப்பாக்கித் தடை தள்ளுபடி! உச்ச நீதிமன்றம் அதிரடி!"

வசந்தா அத்தை: அண்ணி, 18ஆம் தேதி அமெரிக்கப் பயணத்தைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அம்மா: தள்ளுபடி என்றால்? விலை குறைத்து விற்கிறார்களா?

கவிதா: ஐயோ அம்மா

அம்மா: சிரிக்காதே. என் பேரன் அங்கேதான் இருக்கிறான்.

முரளி: அத்தை, செய்தி தலைகீழாக வந்திருக்கிறது. தள்ளுபடி ஆனது தடை இல்லை, தடையை எதிர்த்த மனு. ஏஆர்-15 மாதிரி அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை மேரிலாந்து மாநிலம் 2013இல் தடை செய்தது. ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் தரும் உரிமை, அதனால் தடை செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட் தடை செல்லும் என்றது. அதை எதிர்த்த மனுவை நேற்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் கேட்டால்தான் எடுப்பார்கள். தாமஸ், அலிட்டோ, கோர்சச் மூவரும் எடுக்கலாம் என்றார்கள். ஒன்று குறைந்துவிட்டது. தடை சரியா தப்பா என்று உச்ச நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை.

பெரியப்பா: காது குத்து 5ஆம் தேதியா 6ஆம் தேதியா?

கவிதா: ஜூலை 5, சனிக்கிழமை. முரளி மடியில் வைத்துத்தான் பெரியப்பா.

செந்தில்: முரளி, அதே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி கவனா எழுதியதையும் சொல். கீழ்க் கோர்ட் தீர்ப்பு சந்தேகத்துக்கு உரியது என்றார். ஓரிரு ஆண்டில் இந்தக் கேள்வியை எடுத்தாக வேண்டும் என்றார். நாட்டில் 2 முதல் 3 கோடி ஏஆர்-15 இருக்கிறது என்பதும் அவர் எழுதியதுதான். உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்புப்படி, பரவலாகப் புழங்கும் ஆயுதத்தைத் தடை செய்ய முடியாது.

அம்மா: செந்தில், உன்னிடம் அந்தத் துப்பாக்கி இன்னும் இருக்கிறதா?

செந்தில்: ஹூஸ்டனில் அன்று ராத்திரி கடையில் நடந்தது உங்களுக்குத் தெரியும் சித்தி.

அம்மா: தெரியும் ராசா.

முரளி: அண்ணா, உன் பயம் எனக்குப் புரிகிறது. என் பயத்தையும் கேள். ஹைலண்ட் பார்க் எனக்குப் பக்கத்து ஊர். 2022 ஜூலை 4 சுதந்திர தின அணிவகுப்பில் ஒருவன் சுட்டு 7 பேர் செத்தார்கள். அந்த ஊரில் 2013லேயே தடை இருந்தது, 2015இல் கோர்ட்டிலும் நின்றது. ஆனால் அவன் துப்பாக்கி வாங்கியது ஊருக்கு வெளியே, அதுவும் சட்டப்படி. ஓர் ஊர் மட்டும் தடுத்து என்ன பயன்? அதனால்தான் 2023 ஜனவரியில் இல்லினாய்ஸ் மாநிலம் முழுக்கத் தடைச் சட்டம் வந்தது. கவிதா இருக்கும் நேப்பர்வில்லும் விற்பனையைத் தடுத்தது, அந்த ஊர் பெயரிலேயே வழக்கு. ஏஆர்-15 ராணுவத்தின் எம்16க்கு ரொம்ப நெருக்கம், அதற்கு இரண்டாம் திருத்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் 2-1 என்று

கவிதா: டேய், அம்மா படிக்க வேண்டாமா

செந்தில்: போன நவம்பரில் அதே இல்லினாய்ஸில் ஒரு நீதிபதி அந்தச் சட்டம் செல்லாது என்றாரே?

முரளி: ஆமாம். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று வரை தடை இருக்கிறது அண்ணா.

பெரியப்பா: அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஞாபகம் வருகிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஒரு தடவைகூட உரிமை என்று பேசியதில்லை.

வசந்தா அத்தை: அது இப்போது எங்கே அண்ணா?

பெரியப்பா: லைசென்ஸ் என் பெயருக்கு மாற்றியாகிவிட்டது.

வசந்தா அத்தை: யாரைக் கேட்டு?

கவிதா: அத்தை, அதை அப்புறம்

வசந்தா அத்தை: தோப்பும் இப்படித்தான் போனது.

அம்மா: நான் வருகிறேன். சீடை, முறுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் 4ஆம் தேதி பிள்ளையைக் கூட்டத்துக்குத் தூக்கிப் போகக் கூடாது.

முரளி: நான் போவேன் அம்மா. அந்தத் தெருவில் நாங்கள் போய் நிற்க வேண்டும்.

அம்மா: நீ போ. பிள்ளை வேண்டாம்.

கவிதா: அவர் கூட்டிப் போகலாம் என்கிறார். நீ வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

செந்தில்: நானும் 5ஆம் தேதி வரப் பார்க்கிறேன் சித்தி. வெறுங்கையோடு.

அம்மா: வா ராசா.

வசந்தா அத்தை: அண்ணா, அந்த லைசென்ஸை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.