ஆச்சி வீடு, கல்லிடைக்குறிச்சி: வெள்ளிக்கிழமை யார் போவது?

புதன்கிழமை, மாலை 6.48

இசக்கி அண்ணன் (ஷார்ஜா): வக்கீல் இப்போதுதான் கூப்பிட்டார். நம் வள்ளி வழக்கில் அவள் புருஷனும் மாமியாரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்துவிட்டது. மாமனாருக்கு விடுதலை. எத்தனை வருஷம் என்பதை வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். அம்மாவோடு பாளையங்கோட்டைக்கு யார் போவீர்கள்? எனக்கு லீவு கிடைக்காது.

பிரியா: அண்ணே

பிரியா: நிஜமாகவா

வேலம்மாள் சித்தி: முருகா. ஆறரை வருஷம். வள்ளியைப் பெற்ற அத்தான் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

முத்து: தூக்கா?

மகாராஜன் சித்தப்பா: இல்லை. விவரமாக எழுதுகிறேன், பொறு.

பிரியா: சித்தப்பா எழுத ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வாங்க.

சண்முகம் மாமா (தென்காசி): [படம்: இனிய இரவு வணக்கம்]

வேலம்மாள் சித்தி: அண்ணே, மேலே படித்துவிட்டுப் படம் போடுங்க.

சண்முகம் மாமா (தென்காசி): ஐயோ. இப்போதுதான் பார்த்தேன். சரோஜா எங்கே?

இசக்கி அண்ணன் (ஷார்ஜா): அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

கோமதி அத்தை: நல்ல சேதி. ஆனால் வெள்ளிக்கிழமை சுபாவுக்கு வளைகாப்பு. 9.30க்கு மேல் 10.30க்குள் நேரம் குறித்திருக்கிறது, அப்புறம் ராகு காலம். அம்பாசமுத்திரத்தில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

இசக்கி அண்ணன் (ஷார்ஜா): தெரியும் அத்தை.

மகாராஜன் சித்தப்பா: முத்து கேட்டதற்குப் பதில். வரதட்சணை மரணம் என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி. குறைந்தது 7 வருஷம், கூடினால் ஆயுள். அந்தப் பிரிவில் தூக்கு கிடையாது. புதுச் சட்டம் 2024 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வள்ளி போனது 2019 பிப்ரவரியில், அதனால் நமக்குப் பழைய சட்டம்தான். புதியதில் அது 80-ஆம் பிரிவு, தண்டனை மாறவில்லை. அடித்ததற்கும் கொடுமைக்கும் தனியாக 498ஏ, அதிகபட்சம் 3 வருஷம். ஆனால் தீர்ப்பில் "ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த 3 வருஷம் 7-க்குள் கரைந்துவிடும்.

முத்து: அப்போ 7தானா?

மகாராஜன் சித்தப்பா: 7 ஆகலாம், 10 ஆகலாம், ஆயுளும் ஆகலாம். 31 வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்தேன். ஒரே பிரிவு, ஏறக்குறைய ஒரே மாதிரி சாவு. இந்த மாடியில் 7, அந்த மாடியில் 10. இரண்டு தீர்ப்பையும் நான்தான் சரிபார்த்து நகல் கொடுத்தேன். ஏன் இது 7, அது 10 என்று என்னிடம் கேட்ட தகப்பனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிரியா: பொள்ளாச்சி விஷயம் வெளியே வந்ததும் அதே பிப்ரவரிதான் சித்தப்பா. 2025 மே மாதம் 9 பேருக்கும் சாகும் வரை சிறை என்று கோவையில் தீர்ப்பு வந்ததே.

மகாராஜன் சித்தப்பா: அது கூட்டுப் பலாத்காரம், வேறு பிரிவு. அதையும் இதையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ஆனால் பலாத்கார வழக்குகளை மட்டும் வரிசையாகப் பார். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 2024 டிசம்பரில் நடந்ததற்கு 2025 ஜூன் 2-இல் தண்டனை. ஐந்தே மாதம், 30 வருஷம் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் சோதனைக்குப் போன அரசு ஆட்கள் 18 பெண்களைச் சீரழித்தார்கள், தீர்ப்பு 2011-இல். 269 பேர் மேல் வழக்கு, அதில் 54 பேர் அதற்குள் செத்துப்போனார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். பலாத்காரக் குற்றம் உறுதியான 17 பேரில் 12 பேருக்கு 10 வருஷம், 5 பேருக்கு 7 வருஷம். அந்த மலைக் கிராமத்துப் பெண்கள் 19 வருஷம் நடந்து வாங்கியது அது. எல்லா ஊரும் பேசும் வழக்குக்கு ஒரு வேகம், ஒரு கனம். யாரும் பேசாத வழக்குக்கு வேறு.

முத்து: நம்மதை யாரும் பேசலை.

இசக்கி அண்ணன் (ஷார்ஜா): பேப்பரில் நான்கு வரி வந்தது. பெயரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

கோமதி அத்தை: வேலம்மா, அப்பளம் 10 கட்டு சொல்லியிருந்தேனே, வாங்கியாயிற்றா? கல்லிடை அப்பளம்தான் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள்.

வேலம்மாள் சித்தி: வாங்கி வைத்திருக்கிறேன் கோமதி. மனோகரமும் சொல்லியாயிற்று.

கணேசன் மாமா: ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்படாதீர்கள். நேற்று அந்த வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை நாம் கூட்டமாகப் போய் நிற்க வேண்டாம், அந்த அம்மாவுக்குச் சர்க்கரை, கண் தெரியவில்லை, குறைவாக விட்டால் போதும் என்கிறார். வழக்குச் செலவை முழுதும் கொடுத்துவிடுகிறார்களாம்.

வேலம்மாள் சித்தி: ஏல கணேசா. அந்த வரனைக் கொண்டுவந்ததும் நீ. இதையும் நீயா கொண்டுவருகிறாய்?

கோமதி அத்தை: அப்போது எல்லாரும் உட்கார்ந்துதானே சம்மதம் சொன்னீர்கள்? 40 பவுன் பேசினபோது இவர் மட்டுமா இருந்தார்?

சண்முகம் மாமா (தென்காசி): இப்போது அது வேண்டாம் கோமதி.

மகாராஜன் சித்தப்பா: கணேசா, 304பி சமரசம் செய்யக்கூடிய வழக்கே இல்லை. நாமே போய்ப் பரவாயில்லை என்றாலும் சட்டம் ஒத்துக்கொள்ளாது. 2015-இல் ஒரு பலாத்கார வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணோடு பேசி முடிக்கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே குற்றவாளிக்கு ஜாமீன் கொடுத்தார்கள். அதே சமயம் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், இந்தக் குற்றங்களில் சமரசப் பேச்சுக்கே இடமில்லை என்று கடுமையாகச் சொன்னது. அதற்கப்புறம் சென்னையில் அந்த ஜாமீன் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். வந்தவரிடம் அதைச் சொல்.

கணேசன் மாமா: சரி அத்தான். சொல்லிவிடுகிறேன்.

பிரியா: அந்த மாமியாருக்கும் அதே 7தானா சித்தப்பா? ஆஸ்பத்திரியில் 60 வயது தாண்டின சர்க்கரைக்காரர்களை தினமும் பார்க்கிறேன். பாவம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. வள்ளி அக்கா கைத் தழும்பு ஞாபகம் வந்தால் அந்தப் பாவம் போய்விடுகிறது.

மகாராஜன் சித்தப்பா: 304பி உறுதியானால் 7-க்குக் கீழே இறங்க நீதிபதிக்கு வழி இல்லை. அதனால்தான் எதிர்த்தரப்பு வக்கீல், இது 304பி இல்லை, தற்கொலைக்குத் தூண்டிய 306தான் என்று மூன்று நாள் வாதாடினார். 306-இல் 10 வருஷம் வரை உண்டு, ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. இரண்டு வருஷம் கொடுத்தும் முடிக்கலாம். தரை போட்ட பிரிவிலிருந்து தரை இல்லாத பிரிவுக்கு இழுப்பதுதான் முழு வழக்கும். அதில் நாம் ஜெயித்துவிட்டோம். இனி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான் பாக்கி. 1994-இல் ஹரியானா வழக்கு ஒன்றில் ஆயுளை 10 வருஷமாகக் குறைத்து, 304பி-க்கு ஆயுள் அரிதாகத்தான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் கட்டாயம் எடுத்துக் காட்டுவார்கள்.

முத்து: எதற்கு எத்தனை வருஷம் என்று ஒரு கணக்கே கிடையாதா?

மகாராஜன் சித்தப்பா: கிடையாது. தரையும் கூரையும் மட்டும் சட்டத்தில் இருக்கிறது. நடுவில் எதைப் பார்த்து ஏற்றுவது, எதைப் பார்த்து இறக்குவது என்று வழிகாட்டி வேண்டும் என 2003-லேயே குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்காகப் போட்ட மாலிமத் குழு சொன்னது. இன்றுவரை வரவில்லை. அதனால் யார் காதில் என்ன விழுகிறதோ அதுதான் கணக்கு. இங்கேதான் எனக்கு ஆறவில்லை. குற்றவாளி என்று சொன்னபிறகு, தண்டனை பற்றி உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். யாரிடம்? அவனிடம். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. வயதான தாய் இருக்கிறாள், இளம் வயது, இதுதான் முதல் குற்றம் என்பான். அது அப்படியே தீர்ப்பில் ஏறும். செத்தவளைப் பெற்றவள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் யாரும் கேட்பதில்லை. நான் அவ்வளவு காலம் அந்தத் தாள்களைத் தைத்திருக்கிறேன், அப்படி ஒரு தாயின் வார்த்தை இருந்த பக்கம் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை.

வேலம்மாள் சித்தி: இதை வீட்டில்கூட இவர் சொன்னதில்லை.

இசக்கி அண்ணன் (ஷார்ஜா): குறைவாகக் கொடுத்தால் மதுரைக்குப் போகலாம்தானே?

மகாராஜன் சித்தப்பா: மாமனாரை விட்டதற்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நாம் மேல்முறையீடு செய்யலாம். 2009-இல் வந்த உரிமை அது. இழப்பீடு குறைவு என்றாலும் போகலாம். ஆனால் தண்டனை குறைவு என்று நாம் மேல்முறையீடு செய்ய முடியாது. அரசுதான் செய்ய வேண்டும். 2020-இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது.

பிரியா: பணம் குறைவென்றால் கேட்கலாம், வருஷம் குறைவென்றால் கேட்கக் கூடாதா?

மகாராஜன் சித்தப்பா: ஆமாம் தாயி. அதனால் வெள்ளிக்கிழமையை விடக்கூடாது. நம் வக்கீல் அரசு வழக்கறிஞருக்கு உதவியாக நிற்கலாம், அனுமதி வாங்கி எழுத்தில் கொடுக்கலாம். மைனி தன் கையால் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

சண்முகம் மாமா (தென்காசி): சரோஜா எழுதுவாளா? பேசினாலே அழுகிறாள்.

பிரியா: சாட்சி சொன்ன அன்று நான் கூட இருந்தேன் மாமா. சீர் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பெரியம்மா மஞ்சப்பையிலிருந்து ஒரு நாள்காட்டித் தாளை எடுத்தாள். 2016 வைகாசி. பின்பக்கம் பென்சிலில் பட்டியல். பித்தளை அண்டா 1, குத்துவிளக்கு 2, பீரோ, கட்டில் என்று சத்தமாக வாசித்தாள். குரல் அசையவே இல்லை. "கிரைண்டர்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அதை அந்த வீட்டில் சின்னதாக இருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். டிரைவர் பக்கத்தில் வள்ளி அக்கா உட்கார்ந்து வந்தாள். பெரிதாக வாங்கும்வரை வராதே என்று அவளையும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள். பெரியப்பா மறுநாளே கடன் வாங்கி வேறு வாங்கிக் கொடுத்து, கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

முத்து: அந்தப் பழைய கிரைண்டர்தான் ஆச்சி வீட்டில் இருக்கிறதா?

வேலம்மாள் சித்தி: ஆமாம். யாரும் மாவு அரைப்பதில்லை.

கணேசன் மாமா: வரன் நான் கொண்டுவந்ததுதான். மறுக்கவில்லை. அன்று வள்ளியைத் திரும்ப அனுப்ப வேண்டாம் என்று நானாவது சொல்லியிருக்கலாம்.

சுபா: அப்பா

சுபா: நான் ஒன்று சொல்லட்டுமா. வளைகாப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். சரோஜா அத்தை வந்து முதல் வளையல் போட வேண்டும்.

கோமதி அத்தை: ஏட்டி, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. ஐந்து வகைச் சாதம், காலையில் கிளறி வைப்பார்கள். சாயங்காலம்வரை தேங்காய்ச் சாதம் தாங்குமா? அப்புறம் அத்தை இப்படி விசேஷத்துக்கெல்லாம் முன்னால் வருவதில்லை, உனக்குத் தெரியும்.

சுபா: அத்தையாகத்தான் ஒதுங்குகிறாள். நாம் கூப்பிட்டோமா அம்மா? வள்ளி மைனி இருந்திருந்தால் என் கையைப் பிடித்து அவள்தான் போட்டிருப்பாள்.

சண்முகம் மாமா (தென்காசி): சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்?

சுபா: அவரிடம் கேட்டுவிட்டேன் மாமா. சரி என்றார்.

கோமதி அத்தை: ஜோசியரிடம் கேட்டுச் சொல்கிறேன். இன்னும் நான் சரி என்று சொல்லவில்லை.

இரவு 9.20

சரோஜா பெரியம்மா: [குரல் பதிவு 1:12]

இசக்கி அண்ணன் (ஷார்ஜா): வேலையில் இருக்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்களேன்.

பிரியா: எழுதுகிறேன் அண்ணே. "எல்லாம் படித்தேன். கணேசா, நீ அழாதே. அந்த ஆள் திரும்ப வந்தால், காசு வேண்டாம் என்று சொல்லிவிடு. 7-ஆ 10-ஆ என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவனுக்குத் தாய் இருக்கிறாள் என்று அங்கே சொல்வார்களாம், எனக்கு மகள் இருந்தாள் என்றும் அங்கே யாராவது சொல்ல வேண்டும். நான் எழுதுகிறேன். சுபா, வளையல் போட எனக்குக் கை நடுங்கும், பிறகு பார்க்கலாம் தாயி." அவ்வளவுதான் அண்ணே.

இசக்கி அண்ணன் (ஷார்ஜா): சரி

முத்து: நான் நாளை ராத்திரி சென்னையிலிருந்து கிளம்புகிறேன். வெள்ளி காலையில் நெல்லை வந்துவிடுவேன்.

வேலம்மாள் சித்தி: நானும் இவரும் மைனியைக் கூட்டிக்கொண்டு போகிறோம். முகூர்த்த நாள், வண்டி கிடைக்குமா தெரியவில்லை. இல்லாவிட்டால் காலை ரயில்.

கணேசன் மாமா: ரயில் வேண்டாம் அக்கா. என் வண்டியை அனுப்புகிறேன். முடிந்தால் நானும் வருகிறேன்.

கோமதி அத்தை: நீங்கள் போனால் பந்தலை யார் பார்ப்பது?

சண்முகம் மாமா (தென்காசி): நான் வருகிறேன், பந்தலை நான் பார்க்கிறேன். நேரத்தை முதலில் முடிவு பண்ணுங்கள்.

கோமதி அத்தை: ஜோசியர் போனை எடுக்கவில்லை. காலையில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை, காலை 5.55

சரோஜா பெரியம்மா: [படம்: கோடு போட்ட தாளில் பென்சில் எழுத்து]

மகாராஜன் சித்தப்பா: படித்தேன் மைனி. ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். பேனாவில் மட்டும் ஒருமுறை எழுதிவிடுங்கள். இடது பக்கம் இரண்டு விரல் இடம் விடுங்கள். கோப்பில் தைக்கும்போது வள்ளி பெயர் உள்ளே போய்விடக் கூடாது.

சரோஜா பெரியம்மா: சரி