கிருஷ்ணகிரி டு திருவண்ணாமலை நடைப்பயணம்: இரண்டரை மாதத்தில் தயாராக முடியுமா?

பழையபேட்டைவாசி:
இந்தக் கார்த்திகை தீபத்துக்கு நானும் என் மாமாவும் (அக்கா வீட்டுக்காரர்) நடந்தே திருவண்ணாமலை போகலாம் என்று இருக்கிறோம். மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும், நான்கு நாள் கணக்கு. எனக்கு உட்கார்ந்தே பார்க்கிற வேலை, காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பதோடு சரி. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆனாலும் வெறுங்காலில்தான் வருவேன் என்று நிற்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஊத்தங்கரைக்காரன்:
இரண்டரை மாதம் தாராளம். ஆனால் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பது மட்டும் போதாது. ஒரே நாளில் இருபத்தைந்து கிலோமீட்டர் யாரும் நடந்துவிடலாம், மறுநாள் காலையில் அதே காலோடு எழுந்து திரும்ப நடப்பதுதான் கஷ்டம். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்துப் பழகுங்கள். முதலில் பத்துப் பத்து, அப்புறம் வாரம் இரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். கே.ஆர்.பி. அணை வரை போய்த் திரும்புங்கள், அன்றைக்குக் கொண்டுபோகப் போகிற அதே பையை மாட்டிக்கொண்டு. கிளம்புவதற்கு முந்தைய வாரம் லேசாக நடந்தால் போதும்.

ஷூவை இப்போதே வாங்கிப் பழக்குங்கள், நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் அரை அளவு பெரியதாக. கார்த்திகை மழைக்காலம், சாக்ஸ் நனைந்தால் கொப்புளம் நிச்சயம், கூடுதலாக இரண்டு ஜோடி பாலித்தீன் கவரில் இருக்கட்டும். கொப்புளம் வரும் வரை காத்திருக்காதீர்கள், எரிச்சல் தெரிந்த உடனே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். சாலையில் வலது பக்கமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். விடிவதற்கு முன் கிளம்பினால் ஒளிரும் பட்டை போட்ட மேல்சட்டை கட்டாயம், சிங்காரப்பேட்டை தாண்டியதும் காட்டுப் பகுதி வரும், அங்கே வெளிச்சத்தில் மட்டும் போங்கள்.

அரூர் செவிலியர்:
மாமா விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பல வருடமாகச் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் குத்தினாலும் தார் சுட்டாலும் தெரியாது, சின்னப் புண் ஆறாமல் விரலை எடுக்கிற நிலை வரை போகும். முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், அளவை மாற்ற வேண்டுமா என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள், குளுக்கோஸ் இரண்டு பேர் பையிலும் இருக்கட்டும். ராத்திரி டார்ச் அடித்து அவர் பாதத்தை நீங்களே பாருங்கள். வேண்டுதல் என்றால் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கச் சன்னதிகளிலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடட்டும், அது போதும்.

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போகாதீர்கள், நீங்கள் இருவரும்தான். வியர்வையில் உப்பும் போகிறது, உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள்.

பழையபேட்டைவாசி:
ரொம்ப நன்றிங்க. அக்காவிடம் இதை அப்படியே படித்துக் காட்டிவிட்டேன், வரும் வாரம் பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார். தீபத்தன்று சாயங்காலம் போய்ச் சேருவது போல் கிளம்பலாமா?

செங்கம் ரோடு:
வேண்டாங்க. அன்றைக்குக் கூட்டத்தில் தங்க இடம் கிடைக்காது, களைத்த காலோடு உட்காரக்கூட முடியாது. மலைமேல் ஏற்றின தீபம் பதினொரு நாள் எரியும், கூட்டம் குறைந்த பிறகு வந்து சேருங்கள். வந்த அன்றே கிரிவலம் போக வேண்டாம், அது தனியாகப் பதினான்கு கிலோமீட்டர். ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, மாமாவின் பாதம் நன்றாக இருந்தால் மறுநாள் விடியற்காலையில் போங்கள்.