வண்டி உள்ளே வந்துவிட்டது, இன்ஜின் எப்படி வெளியே போகும்?

போன வாரம் ஓசூர் நண்பர் கம்ப்யூட்டரில் கட்டும் தன் ரயில் லேஅவுட்டின் படங்களை இங்கே போட்டு, கட்டடம் எல்லாம் முடிந்தது, இனி ரயிலை ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் என்று எழுதியிருந்தார். படங்கள் அவ்வளவு அழகு, தூண்களின் நிழல்கூடச் சரியாக விழுந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நானும் அதே கட்டத்தில்தான் இருந்தேன். அதற்கப்புறம் மூன்று பேரைப் பார்த்துப் பேசினேன், அந்த மூன்று பேரால் என் லேஅவுட்டில் பாதிக்கு மேல் பிரித்துத் திரும்பப் போட வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்கு ஊர் தர்மபுரி. ட்ரெய்ன்ஸ் (Trainz) என்ற கம்ப்யூட்டர் ரயில் சிமுலேட்டரில் மெட்ராஸ் சென்ட்ரலை 1972ல் இருந்த மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு மெட்ராஸ் போவது என்றால் பஸ் பிடித்து மொரப்பூர் போய், அங்கே ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்குவதுதான். சின்ன வயதிலிருந்து சென்ட்ரல், சென்ட்ரல் என்று கேட்டே வளர்ந்ததால் வேறு ஸ்டேஷன் கட்ட மனசே வரவில்லை. ஏன் 1972 என்றால், அந்த வருஷங்களில் ஸ்டீமும் டீசலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பெட்டிகள் எல்லாம் மெரூன் நிறம். மின்சார மேல்கம்பி அங்கே 1979ல்தான் வருகிறது, அதனால் வானம் காலியாக இருக்கும். பக்கத்தில் மூர் மார்க்கெட் நிற்கும். அது 1985ல் எரிந்து, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது பிற்பாடு நடந்த கதை.

எல்லோரையும் போல நானும் கட்டடத்தில்தான் ஆரம்பித்தேன். 1873ல் திறந்த ஸ்டேஷன், ஜார்ஜ் ஹார்டிங் வரைந்தது, மணிக்கூண்டு ராபர்ட் சிஷோம் சேர்த்தது, உயரம் 136 அடி. ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அந்த மணிக்கூண்டு ஒன்றுக்கே இரண்டு மாதம் ஆனது, முகப்பு முழுக்கச் சேர்த்து எட்டு மாதம். பழைய அஞ்சலட்டைப் படங்களைப் பார்த்து வாசலில் டிராம் தண்டவாளம் போட்டு, டிராம் ஒன்றையும் ஓடவிட்டேன். மெட்ராஸில் டிராம் 1953லேயே நின்றுவிட்டது. நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டிய அன்றைக்கே எடுத்துவிட்டேன். காலத்தைக் குறித்து லேஅவுட் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் வருஷம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐம்பது வருஷத்துச் சாமான்கள் ஒரே தெருவில் வந்து நிற்கும்.

சரி, அந்த மூன்று பேர்.

முதல் ஆள் மொரப்பூரில் இருக்கும் ஒரு பெரியவர். ஸ்டீம் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, யார்டில் பெட்டிகளை நகர்த்தும் ஷண்டராகிப் பல வருஷம் சென்ட்ரலுக்குப் பக்கத்திலுள்ள பேசின் பிரிட்ஜில் வேலை பார்த்தவர். என் மாமா வழியாகத்தான் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். மணிக்கூண்டைக் காட்டினேன், முகப்பைக் காட்டினேன், நல்லா இருக்கு தம்பி என்றார். அப்புறம் ஒரு வண்டியை உள்ளே ஓட்டிக் காட்டினேன், 12 பெட்டி, முன்னால் டபிள்யூபி ஸ்டீம் இன்ஜின். தண்டவாளம் முடிகிற இடத்துத் தடுப்புக்கு, அதாவது பஃபருக்கு, கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "வண்டி வந்து நின்னாச்சு. முன்னாடி பஃபர், பின்னாடி 12 பெட்டி. இன்ஜின் எப்படி வெளியே போகும்?"

என்னிடம் பதில் இல்லை. எட்டு மாதத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சிமுலேட்டரில் வண்டி வந்து நின்றதும் இன்னொரு வண்டிக்கு மாறிவிடுவேன், அவ்வளவுதான்.

அவர் சாக்பீஸ் கேட்டு வாங்கிச் சிமெண்ட் தரையில் வரைய ஆரம்பித்தார். முனை அடைத்த ஸ்டேஷனில் வந்த இன்ஜின் சிறைப்பட்டுவிடும். யார்டு பக்கத்திலிருந்து வேறொரு இன்ஜின், அதைத்தான் பைலட் என்பார்கள், வந்து கடைசிப் பெட்டியில் கோத்துக் காலி ரேக்கை, அதாவது பெட்டி வரிசையை, இழுத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜ் யார்டுக்குப் போகும். ரேக் போன பிறகுதான் வந்த இன்ஜினுக்கு விடுதலை. அது பின்பக்கமாகவே ஷெட்டுக்குப் போய் நிலக்கரி, தண்ணீர் எடுத்து, டர்ன்டேபிள் என்ற சுழல்மேடையில் திரும்பினால்தான் அடுத்த பயணத்துக்குப் புகைபோக்கி முன்னால் வரும். ஆக ஒரு வண்டி உள்ளே வந்தால், அதற்காக ஸ்டேஷன் வாயை, அதாவது ப்ளாட்பார லைன்கள் எல்லாம் பிரிகிற இடத்தை, கடக்கிற ஓட்டங்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னார். வண்டி வருவது, பைலட் வருவது, ரேக் போவது, இன்ஜின் போவது. நாலு. அதே ரேக் சுத்தம் செய்து தண்ணீர் நிரப்பித் திரும்ப வந்து, வேறு இன்ஜினோடு கிளம்புவதற்கு இன்னும் சில.

நான் போட்டிருந்த தண்டவாளத்தில் எல்லா ப்ளாட்பாரத்துக்கும் ஒரே ஏணிதான், அதாவது ஒரு லைனிலிருந்து வரிசையாகக் கிளை பிரியும். பைலட் ஒன்று அதன் மேல் நின்றால் மொத்த ஸ்டேஷனும் அடைந்துவிடும். பெரியவர் அதைப் பார்த்த உடனே சொன்னார், "இதுல ஒரு வண்டிதான் அசையும், மத்ததெல்லாம் வேடிக்கை பார்க்கும்."

இன்னொன்றும் பிடித்துவிட்டார். ஒரு லைனிலிருந்து இன்னொன்று பிரிகிற இடமான என் பாயிண்ட்டுகள் எல்லாம் ரொம்பக் கூர்மையாக வளைந்திருந்தன. ட்ரெய்ன்ஸில் தண்டவாளம் ஸ்ப்லைன்தானே, அதாவது வளைக்கிற கோடு, எப்படி இழுத்தாலும் ஒட்டிக்கொள்ளும், ரயிலும் மறுப்புச் சொல்லாமல் அதன் மேல் ஓடும். நம் ரயில்வேயில் ஒன்றுக்கு எட்டரை, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று கணக்கு உண்டு. 12 அடி முன்னே போனால் ஒரு அடி விலகுகிற மாதிரி. பயணிகள் வண்டி போகிற பாதையில் 12 போடு, யார்டில் எட்டரை போதும் என்றார். அதன்படி போட்டுப் பார்த்தபோது ஸ்டேஷன் வாய் நான் நினைத்ததைவிட ரொம்ப நீளமாகி அடுத்த பேஸ்போர்டுக்குள் போய்விட்டது. பேஸ்போர்டு என்பது சிமுலேட்டரில் நிலத்தின் ஒரு சதுரத் துண்டு, ஒரு பக்கம் 720 மீட்டர். ஐசிஎஃப் (பெரம்பூர் தொழிற்சாலை) பெட்டி ஒன்று பஃபரோடு 22 மீட்டர் சொச்சம், 12 பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 290 மீட்டர். ப்ளாட்பாரம் அவ்வளவு எடுத்துக்கொண்டால் மீதியில் வாய் எப்படி அடங்கும்? பக்கிங்ஹாம் கால்வாயையும் நகர்த்த முடியாது, அது ஸ்டேஷனை ஒட்டியே போகிறது.

அன்றைக்கு என் மனசில் நின்றது வேறு ஒரு விஷயம். சிமுலேட்டரில் இன்ஜினைக் கழற்ற ஒரு கிளிக் போதும். அதைப் பார்த்துவிட்டு அவர் உள்ளே போய் இரண்டு எவர்சில்வர் டம்ளரும் ஒரு சணல் கயிறும் எடுத்து வந்தார். இரண்டு டம்ளரையும் ஒட்டவைத்து, நடுவில் கயிற்றைக் கட்டி, இது ஸ்க்ரூ கப்ளிங் என்றார். இழுப்பில் இருக்கும்போது இதைக் கழற்ற முடியாது, கயிறு விறைப்பாக நிற்கும். டிரைவர் இன்ஜினைக் கொஞ்சமாகப் பின்னால் அமுக்கிக் கொடுக்க வேண்டும், அப்போது பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ஸ்பிரிங் பஃபர் உள்ளே போகும், கயிறு தொய்யும். அந்த நேரத்தில் ஆள் பஃபருக்கு அடியில் குனிந்து உள்ளே போய், பிரேக்குக்கான வேக்கம் ஹோஸ் பைப்பைப் பிரித்து, ஸ்க்ரூவைச் சுற்றித் தளர்த்தி, கொக்கியிலிருந்து தூக்குவான். சொல்லிக்கொண்டே டம்ளர்களை அமுக்கினார், கயிறு தொய்ந்தது, எடுத்துக் காட்டினார். அவர் வலது கைக் கட்டைவிரல் பக்கம் ஒரு பழைய தழும்பு இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பக் கோத்தால் பிரேக் குழாயில் 21 இன்ச் வேக்கம் ஏறும்வரை வண்டி அசையக் கூடாது. இதற்கெல்லாம் நேரம் ஆகும் தம்பி, உன் டைம்டேபிளில் அந்த நேரம் எங்கே என்று கேட்டார். நான் ஒரே ப்ளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து பத்து நிமிஷத்தில் அடுத்த வண்டி கிளம்புகிற மாதிரி போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்த டைம்டேபிளை முழுசாக அழித்தேன்.

இரண்டாவது ஆள் காரிமங்கலத்தில் ஒரு மாங்காய் வியாபாரி, இப்போது வியாபாரத்தை மகன் பார்க்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலை, பேச்சுவாக்கில் வந்த பழக்கம். சீசனில் மாங்காய்க் கூடைகளை மொரப்பூரில் ஏற்றி, தானும் அதே வண்டியில் போவாராம். போனில் என் ப்ளாட்பாரப் படத்தைக் காட்டினேன். "இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதேப்பா" என்றார். உண்மைதான், நான் நாலு பெஞ்சு, ஒரு கடிகாரம், பத்து மனிதர்கள் வைத்திருந்தேன். கூடை எங்கே, மூட்டை எங்கே, தபால் பை எங்கே, எடை போடுகிற தராசு எங்கே, சிவப்புச் சட்டைப் போர்ட்டர் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பார்சல் வேன் எந்த இடத்தில் நிற்குமோ அந்த இடத்தில் ப்ளாட்பாரம் அழுக்காக இருக்கும், மற்ற இடத்தில் இருக்காது என்றார். மாங்காய்க் கூடையில் வைக்கோல் வைத்து அடைப்பார்கள், இறக்கும்போது பிய்ந்து உதிர்ந்து, தள்ளுவண்டிச் சக்கரத்தில் நசுங்கி, வழி நெடுக மஞ்சள் கோடு மாதிரி கிடக்குமாம்.

அந்த வைக்கோல் கோட்டை மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோலைப் போட்டு, சைக்கிளை அதன் மேல் ஓட்டி, மேலிருந்து படம் எடுத்து டெக்ஸ்ச்சராக்கினேன். பார்சல் வேன் நிற்கும் இடத்திலிருந்து வாசல் பக்கமாக அது போகிறது. இதுவரை என் லேஅவுட்டைப் பார்த்தவர்கள் எல்லாம் மணிக்கூண்டுக்கு முன்னால் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது என் சொந்த அத்தை, அரூர். 1971ல் தன் கணவருக்கு வைத்தியம் பார்க்க சென்ட்ரல் எதிரே இருக்கும் பொது மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தவர். அவருக்கு ரயிலைப் பற்றி எதுவும் சொல்லத் தெரியாது, ஆனால் மணிக்கூண்டை நான் எந்தப் படத்திலும் பார்க்காத பக்கத்திலிருந்து மூன்று வாரம் பார்த்திருக்கிறார். "ராத்திரி தூக்கம் வராது கண்ணு, கால் மணிக்கு ஒருக்கா அடிக்கும், அத எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பேன்." ரோட்டைத் தாண்டி அந்த மணி கேட்டது, நடுநடுவே இன்ஜின் ஊதுவதும் கேட்டது என்றார். அதுவரை என் ஒலிகள் எல்லாம் ப்ளாட்பாரத்தோடு முடிந்துவிடும். இப்போது மருத்துவமனைப் பக்கம் ஒரு கேமரா வைத்து, அங்கேயும் மணியும் ஊதலும் லேசாகக் கேட்கிற மாதிரி தூரத்தைக் கூட்டியிருக்கிறேன். அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தையின் கணவர் அந்த முறை பிழைத்து ஊர் திரும்பினார், 1990 வரை இருந்தார்.

இப்போது லேஅவுட் எந்த நிலையில் இருக்கிறது என்றால், தண்டவாளம் முழுக்கப் புதுசு. இரண்டு ஏணி, வரவுக்கும் போக்குக்கும் தனித்தனி வழி, பைலட் நிற்க ஒரு சின்னக் கிளை, யார்டு, டர்ன்டேபிள். ப்ளாட்பார உயரத்தையும் திருத்தினேன், நம் அகலப்பாதையில் உயர ப்ளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர், நான் வெளிநாட்டு ப்ளாட்பாரத்தை அப்படியே வைத்திருந்தேன். கட்டடத்தில் பல வேலைகள் அப்படியே பாதியில் நிற்கின்றன, பின்பக்கச் சுவரில் ஜன்னல்கூட இல்லை. ஆனால் காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் உள்ள ஓட்டங்களை ஒரு வண்டியும் முட்டிக்கொள்ளாமல் ஓட்ட முடிகிறது. போன மாதம் மொரப்பூருக்கு லேப்டாப்பை எடுத்துப் போய் முழுசாக இரண்டு மணி நேரமும் ஓட்டிக் காட்டினேன். நடுவில் ஒரே ஒரு தடவை நிறுத்தச் சொன்னார். ரேக் போன உடனே இன்ஜினை எடுக்காதே, பாயிண்ட் திரும்பி சிக்னல் விழட்டும் என்றார். மற்றபடி காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் நண்பரே, உங்கள் படத்தில் மூன்றாவது ப்ளாட்பாரம் முனை அடைத்ததாகத் தெரிகிறது, பக்கத்தில் இன்ஜின் தப்பிக்கிற லைனும் இல்லை. ரயில் விடுவதற்கு முன்னால் ஒரு தாளில் அந்த இன்ஜின் எந்த வழியாக வெளியே போகும் என்று வரைந்து பாருங்கள்.

பின்சேர்க்கை, இரண்டு நாள் கழித்து: கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர், எங்கள் ஊரில் ரயிலே இல்லை, நான் எந்த ஸ்டேஷனைக் கட்டுவது என்று கேட்டிருக்கிறார். உங்கள் ஊரிலும் ரயில் இருந்ததுங்க. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905ல் குறுகிய பாதை போட்டார்கள், இரண்டரை அடி அகலம். அடுத்த வருஷம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் அதே மாதிரி வந்தது, பிற்பாடு ஓசூர் வரை போனது. சுதந்திரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி அந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன், அங்கேயும் இதே கேள்விதான் வரும், ஆனால் பைலட் தேவைப்படாது. சின்ன ஸ்டேஷனில் பக்கத்தில் ஒரு லூப் லைன் இருந்தாலே போதும், இன்ஜின் கழன்று ரேக்கைச் சுற்றி வந்து மறுமுனையில் கோத்துக்கொள்ளும். ஆரம்பிக்க அதைவிட நல்ல லேஅவுட் கிடையாது, ஒரே பேஸ்போர்டில் ஸ்டேஷன் அடங்கிவிடும். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது அதைப் பற்றித் தங்கள் அப்பா அம்மா சொல்லிக் கேட்டிருந்தால், இப்போதே போய் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதினதை இங்கே போட்டால் தண்டவாளம் போடும் வேலையில் நானும் கூட வருகிறேன்.