அம்மாவுக்கு மெட்டல் வால்வு, சீனத்து மூலிகை உருண்டை கொடுக்கலாமா?

ராயபுரத்துக்காரன்:
சித்தி பையன் கப்பலில் வேலை செய்கிறான். போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அம்மாவுக்கென்று ஒரு டப்பா வாங்கி வந்தான், கடுகை விடக் கொஞ்சம் பெரிய பழுப்பு உருண்டைகள், மூடியைத் திறந்தாலே பச்சைக் கற்பூர வாசனை தூக்குகிறது. பெயர் டான்ஷென். வேளைக்குப் பத்து உருண்டையாம். அம்மாவுக்கு ஆறு வருஷம் முன்னால் இதய வால்வு மாற்றியது, ராத்திரி பக்கத்தில் படுத்தால் டிக் டிக்கென்று கேட்கும். மூலிகைதானே என்று நாலு நாளாகச் சாப்பிடுகிறார், நெஞ்சு லேசாக இருக்கிறது என்கிறார். தொடரலாமா?

வண்ணை மெடிக்கல்ஸ்:
டிக் டிக் என்றால் மெட்டல் வால்வுதான். ரத்தம் கட்டாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறாரா?

ராயபுரத்துக்காரன்:
ஆமாம், தினமும் ராத்திரி. ஒரு நாள் 2 எம்.ஜி., மறுநாள் 3.

வண்ணை மெடிக்கல்ஸ்:
அப்படியானால் உருண்டையை இன்றே நிறுத்துங்கள். உருண்டையைத்தான், அசிட்ரோமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். டான்ஷென் ஒரு செடியின் சிவப்பு வேர், அதில் பெரும்பாலும் சான்ச்சி என்ற வேரும் போர்னியோல் என்ற கற்பூரமும் சேர்ப்பார்கள். அந்த வாசனை அதுதான். வார்ஃபரின் என்ற மருந்தோடு டான்ஷென் சாப்பிட்ட வால்வு நோயாளிகளுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) எகிறி ரத்தக்கசிவு வந்ததை 1990களிலேயே ஹாங்காங் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அசிட்ரோம் வார்ஃபரினுக்குப் பங்காளி, அதே வகை மருந்து. கடைசியாக ஐ.என்.ஆர். எப்போது பார்த்தீர்கள்? பல் ஈறு, மூக்கு, சிறுநீரில் ரத்தம், கை காலில் நீலத் திட்டு, கறுப்பாக மலம், இதெல்லாம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி:
சீன மருந்தெல்லாம் டுபாக்கூர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். டோங்ஷின்லுவோ என்று ஒன்று, அட்டை, தேள், பூரான் எல்லாம் போட்டது (முகம் சுளிக்காதீர்கள்), அதை மாரடைப்பு வந்த 3,777 பேரை வைத்து சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்ததில், இதய மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 30 நாளில் 5.2 சதவீதத்திலிருந்து 3.4ஆகக் குறைந்தன. ஆனால் அது வேறு மருந்து, வேறு நோய். டான்ஷென்னும் உடம்பில் வேலை செய்கிற பொருள் என்பதால்தான் அசிட்ரோமோடு மோதுகிறது, வெறும் மாவு உருண்டையாக இருந்தால் பயமே இல்லையே.

காசிமேடு அக்கா:
இதற்கு நம்ம மருதம்பட்டைக் கஷாயமே தேவலை.

வண்ணை மெடிக்கல்ஸ்:
அக்கா, அதையும் அந்த அம்மாவின் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

ராயபுரத்துக்காரன்:
இப்போதுதான் கேட்டேன். இரண்டு நாளாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதாம், புது பிரஷ் குத்துகிறது என்று நினைத்துச் சொல்லவில்லையாம். ஐ.என்.ஆர். பார்த்து இரண்டு மாசம் ஆகிறது. காலையில் போய் எடுத்தால் போதுமா?

வண்ணை மெடிக்கல்ஸ்:
காலை வரை வேண்டாம், இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அசிட்ரோம் சீட்டையும் அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், ராத்திரி டோஸ் போடலாமா என்று அவர்களே சொல்வார்கள்.

ராயபுரத்துக்காரன்:
ஆட்டோ வந்துவிட்டது. டப்பா பையில்தான் இருக்கிறது.